கடல் ஏஞ்சல் மீன் வளர்க்கணுமா? மீனை முதல்ல முடிவு பண்ணுங்க, கடைசியா வாங்குங்க

ஏஞ்சல்னு சொன்னா பாதி பேருக்கு நன்னீர் டேங்க்ல நீளத் துடுப்போட மெதுவா மிதக்குற மீன்தான் ஞாபகம் வரும். அது சிக்லிட் குடும்பம், இதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நான் சொல்றது கடல்ல பவளப்பாறைகள்ல வாழுற போமகாந்திடே குடும்பம், கிட்டத்தட்ட 90 வகை இருக்கு, 7 செ.மீ. குட்டி மீன்லேர்ந்து 60 செ.மீ. வரைக்கும் வளர்ற கிரே ஏஞ்சல் வரைக்கும் எல்லாமே இதுக்குள்ளதான். பார்க்க பட்டர்ஃப்ளை மீன் மாதிரியே இருக்கும், ஆனா ஏஞ்சலுக்கு கன்னத்துல செவுள் மூடிக்குக் கீழ பின்னால பார்த்து நீட்டிக்கிட்டு ஒரு முள்ளு இருக்கும், பட்டர்ஃப்ளைக்கு அது கிடையாது. இந்த முள்ளை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வலை போடுற இடத்துல இதைப் பத்தி பேசணும்.

நான் ஆரம்பிச்சப்போ பண்ணின தப்பு என்னன்னா, டேங்க் வச்சேன், தண்ணி ஊத்தினேன், கடைக்குப் போய் கண்ணுக்கு அழகா தெரிஞ்ச ஒரு ஃப்ளேம் ஏஞ்சலைத் தூக்கிட்டு வந்து நேரா டேங்க்லயே விட்டுட்டேன். அஞ்சாவது நாள் செத்துப் போச்சு, போகும்போது கூட இருந்த ரெண்டு க்ளவுன் மீனையும் கூட்டிட்டுப் போச்சு. அதுக்கப்புறம்தான் வரிசையே தலைகீழா இருக்கணும்னு புரிஞ்சுது. எந்த ஏஞ்சல்னு பேப்பர்ல முடிவு பண்றதுதான் முதல் வேலை, அந்த மீனை டேங்க்ல விடுறது கடைசி வேலை, நடுவுல இருக்குறது எல்லாம் அந்த ஒரு மீனுக்காகத்தான்.

எந்த ஏஞ்சல்?

முதல் தடவை வளர்க்குறவங்களுக்கு சென்ட்ரோபைஜ் வகை குட்டி ஏஞ்சல்தான் சரி. கோரல் பியூட்டி, ஃப்ளேம், லெமன்பீல், பைகலர் எல்லாம் இதுல வரும், பெரும்பாலும் 10லேர்ந்து 15 செ.மீ.க்குள்ள நின்னுடும். இதுல கோரல் பியூட்டி ரொம்ப கெட்டியான மீன், என்னைக் கேட்டா கண்ணை மூடிட்டு இதைத்தான் சொல்லுவேன். பைகலர் பார்க்க மஞ்சளும் நீலமுமா பிரமாதமா இருக்கும், ஆனா புதுசா வந்ததுங்க சாப்பிடாம சாகுற கதை நிறைய கேட்டிருக்கேன், முதல் மீனா வேண்டாம்.

லெமன்பீல் வாங்குறவங்க ஒரு விஷயம் பார்த்துக்கோங்க. சாக்லேட் டேங்னு ஒரு சர்ஜன் மீன் இருக்கு, அதோட குஞ்சு அச்சு அசலா லெமன்பீல் மாதிரியே மஞ்சளா வேஷம் போட்டுக்கிட்டுத் திரியும், பெருசாக பெருசாக ப்ரவுனாகி வேற மீனா மாறிடும். நிஜ லெமன்பீலுக்கு கண்ணைச் சுத்தி நீல வளையம் இருக்கும், கன்னத்துல முள்ளு இருக்கும். ரெண்டும் இல்லைன்னா அது வேஷக்காரன்.

அடுத்து ஜெனிகாந்தஸ், அதாவது ஸ்வாலோடெயில் ஏஞ்சல். மத்த ஏஞ்சல் எல்லாம் பாறையைக் கொத்தித் திங்கும்போது இது மட்டும் நடுத்தண்ணில மிதக்குற சின்னச் சின்ன உயிரைப் பிடிச்சுத் திங்குற வகை, அதனால டேங்க்ல கோரல் (பவளம்) வச்சிருக்கிறவங்களுக்கு இருக்குறதுலயே நம்பகமானது இதுதான். ஆணும் பெண்ணும் வேற வேற கலர்ல இருக்கும், அதுவும் இந்தக் குடும்பத்துல அபூர்வம். ஆனா நிறைய வகை ஆழத்துலேர்ந்து பிடிக்கிறது, மேல கொண்டு வரும்போது அவசரப்பட்டிருந்தா காத்துப்பை பாதிச்சிருக்கும், அதனால கடைல நேரா நீந்துதா, வால் மேல தூக்கிக்கிட்டு போராடுதான்னு பார்க்கணும்.

அப்புறம் பெரிய ஆளுங்க. எம்பரர், குயின், ஃப்ரெஞ்ச், கொரான், ப்ளூஃபேஸ். கடைல 6 செ.மீ. குஞ்சா, கருநீலத்துல வெள்ளை வளையம் வளையமா பார்க்க பொம்மை மாதிரி இருக்குற எம்பரர், கடல்ல 40 செ.மீ. வரைக்கும் வளரும், குயின் அதுக்கும் மேல. நல்லா பார்த்துக்கிட்டா 15, 20 வருஷம் கூட இருக்கும். "இப்போதைக்கு சின்ன டேங்க்ல வச்சுக்கிட்டு அப்புறமா பெருசு வாங்கிக்கலாம்"னு நினைக்கிறவங்கள்ல பெருசு வாங்கினவங்களை நான் ரொம்பக் கம்மியாத்தான் பார்த்திருக்கேன்.

ரீகல் ஏஞ்சல் பக்கம் இப்போ போகாதீங்க. வேற ஏஞ்சல் வளர்த்து கை பழகினப்புறம் பார்க்கலாம்.

டேங்க்

குட்டி ஏஞ்சல் ஒண்ணுக்கு 250லேர்ந்து 300 லிட்டராவது வேணும், ஸ்வாலோடெயிலுக்கு 500க்கு மேல, பெரிய ஏஞ்சலுக்கு கடைசில 1000 லிட்டர் பக்கம் போகாம முடியாது. லிட்டரை விட நீளம் முக்கியம், உயரமான டேங்க் அலங்காரத்துக்கு நல்லா இருக்கும், மீனுக்கு ஓடத்தான் இடம் வேணும். பெரிய ஏஞ்சலுக்கு 6 அடி நீளமும் 2 அடி அகலமும் இருந்தா ஓரளவு நிம்மதி.

லைவ் ராக்கை (கடல் டேங்க்ல போடுற, நுண்ணுயிர் குடியிருக்குற பாறை) சுவர் மாதிரி பின்னாடி அடுக்கிடாதீங்க, ஒரு பக்கம் நுழைஞ்சு இன்னொரு பக்கம் வெளிய வர மாதிரி குகையும் சந்துமா இருக்கணும். ஏஞ்சல் நாள் முழுக்க பாறையைச் சுத்திச் சுத்தி வந்து கொத்துற மீன், பயந்தா ஒளிய இடம் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் வெளியவே வரும், இது கேக்க விசித்திரமா இருக்கும் ஆனா ஒளியுற இடம் ஜாஸ்தி இருக்குற டேங்க்லதான் மீன் அதிகமா கண்ணுல படும்.

சாமான்ல கஞ்சத்தனம் பண்ணக் கூடாத ஒண்ணு ப்ரோட்டீன் ஸ்கிம்மர், அதாவது கழிவை நுரையா பிரிச்சு எடுக்குற கருவி. ஏஞ்சல் நிறைய திங்கும், நிறைய கழிக்கும், அதனால டேங்க் அளவுக்கு எழுதியிருக்குறதை விட ஒரு சைஸ் பெருசா வாங்குங்க. சம்ப் (டேங்குக்குக் கீழ வைக்கிற துணைத் தொட்டி) இருந்தா ஸ்கிம்மர், ஹீட்டர் எல்லாம் அங்க போயிடும். ஹீட்டருக்குத் தனியா கன்ட்ரோலர் போடுங்க, ஹீட்டர் ஆஃப் ஆகாம மாட்டிக்கிட்டு தண்ணி கொதிச்சுப் போன டேங்க் எத்தனையோ. மேல வலை மூடி கட்டாயம், ராத்திரி பயந்தா குதிக்கும்.

தண்ணி

குழாய் தண்ணி வேண்டாம், கரைஞ்சிருக்குறதை எல்லாம் வடிகட்டி நீக்கின ஆர்.ஓ. டி.ஐ. தண்ணி, கரைஞ்சதை அளக்குற டிடிஎஸ் மீட்டர்ல பூஜ்யம் காட்டணும். கடல் டேங்குக்கான உப்பைக் கலந்து ஒரு நாள் பம்ப் ஓட விட்டு அப்புறம் அளங்க. உப்பை அளக்குறதுக்கு ரிஃப்ராக்டோமீட்டர்னு ஒரு கருவி, அதையும் 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு உப்பு) கேலிப்ரேஷன் திரவத்துல சரி பண்ணிட்டு அளங்க, வெறும் ஆர்.ஓ. தண்ணில பூஜ்யம் வச்சு சரி பண்ணினா மேல போகப் போக தப்பு காட்டுற கருவிங்க இருக்கு.

நிக்க வேண்டிய நம்பர்: உப்பு 35 பிபிடி பக்கம், ஸ்பெசிஃபிக் கிராவிட்டில (ஒப்படர்த்தி) சொன்னா 1.025, 1.026. சூடு 25லேர்ந்து 26 டிகிரி. பிஹெச் 8.1லேர்ந்து 8.4. அல்கலினிட்டி (பிஹெச் இறங்காம தாங்குற திறன்) 8லேர்ந்து 11 டிகேஹெச். அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம், நைட்ரேட் 20 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்துல 20 பங்கு) கீழ. தண்ணி ஆவியாகும்போது உப்பு போகாது, அதனால குறைஞ்ச தண்ணிக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணிதான் ஊத்தணும், ஆட்டோ டாப் ஆஃப் ஒண்ணு மாட்டிட்டா இந்தக் கவலை விட்டுது.

சைக்கிள் பத்தி சுருக்கமா: அம்மோனியாவை நைட்ரைட்டாவும், அதை நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா வளர 4லேர்ந்து 6 வாரம் ஆகும். 2 பிபிஎம் அம்மோனியா போட்டு 24 மணி நேரத்துல அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யத்துக்கு வந்தா சைக்கிள் முடிஞ்சுது. ஆனா சைக்கிள் முடியுறதும் ஏஞ்சலுக்கு டேங்க் ரெடியாகுறதும் ஒண்ணு கிடையாது. குட்டி ஏஞ்சல் பாறைல படியுற பாசியையும் அதுல ஒட்டியிருக்குற சின்ன உயிரையும் நாள் பூரா மேயுற மீன், புது டேங்க்ல பாறை வெள்ளை வெளேர்னு இருக்கும், மேய ஒண்ணும் இருக்காது. அஞ்சாறு மாசம் போகட்டும், பாறைல ஊதாவும் பச்சையுமா ஏதாவது பிடிக்கட்டும், அதுவரைக்கும் ரெண்டு க்ளவுன், ஒரு கோபின்னு அமைதியான மீன்களை வச்சு ஓட்டுங்க.

கடைல

பார்த்த அன்னிக்கே வாங்காதீங்க. ஒரு வாரம் கழிச்சும் அதே மீன் அதே கடைல நல்லா இருந்தா வாங்குங்க. கண் தெளிவா இருக்கணும், உங்களைத் திரும்பிப் பார்க்கணும், வயிறு ஒட்டியிருக்கக் கூடாது, நெத்திக்கு மேல முதுகு ஆரம்பிக்கிற இடம் பள்ளமா இருந்தா பட்டினி கிடந்த மீன். மூச்சு வேகமா வாங்குதான்னு பாருங்க. கடைக்காரர்கிட்ட எனக்கு முன்னாடி தீனி போடுங்கன்னு கேளுங்க, போட மாட்டேன்னு சொன்னா கிளம்பிடுங்க.

பெரிய ஏஞ்சல்னா 7லேர்ந்து 12 செ.மீ. சைஸ்தான் நல்லது. அதை விடச் சின்னக் குஞ்சுக்கு உடம்புல சேமிப்பே இருக்காது, ரெண்டு நாள் சாப்பிடலைன்னா சரிஞ்சுடும், முழுசா வளர்ந்ததோ கடல் பழக்கத்தை விடாது. சயனைடு போட்டுப் பிடிச்ச மீன்கள் சில ஏரியாலேர்ந்து இன்னும் வருது, எப்படிப் பிடிச்சதுன்னு கண்ணால கண்டுபிடிக்க முடியாது, அதனால எங்கேர்ந்து வந்ததுன்னு கேளுங்க. பண்ணைல பிறந்து வளர்ந்த ஏஞ்சல் கிடைச்சா யோசிக்காம அதை எடுங்க, தீனி பழகி வரும், ஒட்டுண்ணித் தொல்லையும் கம்மி.

வலையால பிடிக்க விடாதீங்க. கன்னத்து முள்ளு வலைல மாட்டிக்கும், அதை இழுத்துப் பிடுங்கும்போது செவுள் மூடியே கிழியலாம், அதனால ஒரு டப்பாவை உள்ள விட்டு அதுக்குள்ள ஓட்டிப் பிடிக்கணும். பையும் ரெண்டு அடுக்கு போடச் சொல்லுங்க, அதே முள்ளு பையையும் ஓட்டை போடும்.

வீட்டுக்கு வந்ததும்

பை ரொம்ப நேரமா மூடியிருந்துதுன்னா, மணிக்கணக்கா சொட்டுச் சொட்டா தண்ணி விட்டு பழக்குற முறை ஆபத்து. மூடின பைல மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடால பிஹெச் இறங்கியிருக்கும், அந்த நிலைமைல அம்மோனியா பெரிய விஷமில்லாத அம்மோனியமா இருக்கும். பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளிய போய் பிஹெச் ஏறும், உடனே அதே அம்மோனியம் விஷமா மாறும், நீங்க பக்கத்துல உக்காந்து சொட்டு எண்ணிக்கிட்டு இருப்பீங்க. அதனால மூடின பையை 20 நிமிஷம் மிதக்க விட்டு சூட்டை சமமாக்குங்க, திறந்ததும் பைத்தண்ணி உப்பை அளங்க, குவாரன்டைன் டேங்க் (புது மீனை நோய் பார்க்கத் தனியா வைக்கிற டேங்க், அடுத்து சொல்றேன்) உப்பை முன்கூட்டியே கடைத்தண்ணி அளவுக்கு வச்சிருந்தீங்கன்னா நேரா மாத்திடலாம். கடைங்க உப்பைக் கம்மியா வச்சிருக்கும், 1.020 கூட பார்க்கலாம். கம்மிலேர்ந்து ஜாஸ்திக்கு ஏத்துறதுதான் மீனுக்குக் கஷ்டம், அதை குவாரன்டைன்ல நாலஞ்சு நாள் எடுத்து ஏத்துங்க. பைத்தண்ணி ஒரு சொட்டு கூட டேங்குக்குள்ள போகக் கூடாது.

குவாரன்டைன், இதை மட்டும் தாண்டிப் போகாதீங்க

என்னோட ஃப்ளேம் ஏஞ்சல் செத்தது வெல்வெட்ங்கிற ஒட்டுண்ணி நோயால. இப்போ யோசிச்சுப் பார்த்தா எல்லா அறிகுறியும் இருந்துது, மூச்சு வேகமா வாங்கிச்சு, பம்ப் தண்ணி அடிக்கிற இடத்துலயே நின்னுது, உடம்புல மெல்லிசா பவுடர் தூவின மாதிரி இருந்துது, நான் என்னடான்னா வேவ்மேக்கர் பிடிச்சிருக்கு போலன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன்.

80லேர்ந்து 150 லிட்டர் வரைக்கும் ஒரு வெறும் கண்ணாடி டேங்க், மணல் வேண்டாம், பாறை வேண்டாம் ஏன்னா மருந்தை உறிஞ்சிக்கும். ஒளிய பிவிசி பைப் துண்டுங்க நாலஞ்சு. மெயின் டேங்க் சம்ப்ல ஒரு மாசம் முன்னாடியே ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் போட்டு வச்சா பாக்டீரியா பிடிச்சிருக்கும், அதை எடுத்து இங்க மாட்டுங்க. ஹீட்டர், ஏர் ஸ்டோன், அம்மோனியா தினமும் பார்க்க ஒரு கிட், அவ்வளவுதான். குறைஞ்சது 4 வாரம், முடிஞ்சா 6.

முதல் ரெண்டு மூணு நாள் மருந்து எதுவும் போடாம சாப்பிட வைக்கப் பாருங்க. ஆனா வெல்வெட் அறிகுறி தெரிஞ்சா காத்திருக்கக் கூடாது, அது மணிக்கணக்குல கொல்லும்.

தாமிர மருந்துதான் இக் (வெள்ளைப் புள்ளி ஒட்டுண்ணி நோய்), வெல்வெட் ரெண்டுக்கும் வேலை செய்யும். செலேட்டட் தாமிரம்னா (வேற மூலக்கூறோட கட்டிப் போட்ட வகை) 2.0லேர்ந்து 2.5 பிபிஎம், 30 நாள் அதுக்குக் கீழ இறங்காம நிக்கணும். அயானிக் தாமிரம்னா (கட்டில்லாத வகை) அளவு இதை விட ரொம்பக் கம்மி, ரெண்டையும் குழப்பிக்கிட்டா மீன் போயிடும், பாட்டில்ல எழுதியிருக்குறதைப் படிச்சு அதே வகைக்கான டெஸ்ட் கிட்டால அளங்க. குட்டி ஏஞ்சல்ங்க தாமிரத்துக்கு கொஞ்சம் சென்சிட்டிவ், ஒரே நாள்ல ஏத்தாம நாலஞ்சு நாள்ல படிப்படியா ஏத்துங்க, சாப்பாட்டை நிறுத்திட்டா ஏத்துறதை அன்னிக்கு நிறுத்துங்க. தாமிரம் இருக்கும்போது அம்மோனியா நீக்குற மருந்தைக் கலக்காதீங்க, சில வகையோட சேர்ந்தா தாமிரம் இன்னும் விஷமாகும், அம்மோனியா ஏறினா தண்ணி மாத்துறதுதான் வழி, மாத்துற தண்ணிலயும் அதே அளவு தாமிரம் கலந்துக்கோங்க. இறால், நத்தை, கோரல் இருக்குற டேங்க் பக்கம் இந்தத் தாமிரத் தண்ணி எடுத்த வாளி கூட போகக் கூடாது.

பெரிய ஏஞ்சலுக்கு ஃப்ளூக் புழு ரொம்ப சகஜம், கண் மங்கலா இருக்கும், பைப்ல உடம்பைத் தேச்சுக்கும். பிராசிகுவான்டெல்ங்கிற புழு மருந்து 2.5 பிபிஎம், ஒரு தடவை போட்டு 5லேர்ந்து 7 நாள் கழிச்சு மறுபடியும், ஏன்னா முட்டையை அது கொல்லாது. இருக்கா இல்லையான்னு சந்தேகம்னா அதே சூடு, அதே பிஹெச் வச்ச நன்னீர்ல ஏர் ஸ்டோன் ஓட விட்டு 5 நிமிஷம் மீனை விடுங்க, அதுவரைக்கும் கண்ணாடி மாதிரி கண்ணுக்கே தெரியாம ஒட்டியிருந்த புழு வெள்ளையா மாறி அடில விழும். முதல் தடவை பார்த்தப்போ எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கலை.

துடுப்பு ஓரத்துல காலிஃபிளவர் மாதிரி வெள்ளைக் கட்டி வந்தா பயப்படாதீங்க, அது லிம்ஃபோசிஸ்டிஸ்னு ஒரு வைரஸ், மருந்து கிடையாது, நல்லா சாப்பிட்டு நிம்மதியா இருந்தா தானா போயிடும்.

ஏற்கனவே மெயின் டேங்க்ல இக் வந்துடுச்சுன்னா எல்லா மீனையும் வெளிய எடுத்து வைத்தியம் பார்த்து, டேங்கை மீனே இல்லாம 76 நாள் காலியா விடுறதுதான் இதுல இருக்குறவங்க வழக்கமா சொல்ற கணக்கு. கொடுமையான 76 நாள், நான் இருந்திருக்கேன்.

சாப்பாடு

கடல்ல பெரிய ஏஞ்சல்ங்க ஸ்பாஞ்சும் (உயிருள்ள கடற்பஞ்சு) டியூனிகேட்டும் (பாறைல ஒட்டி வாழுற பை மாதிரி உயிர்) தின்னு வாழுறவை, குட்டி ஏஞ்சல்ங்க பாசி. அதனால ஒரே தீனியைப் போட்டு ஓட்ட முடியாது. ஸ்பாஞ்ச் கலந்த ஏஞ்சல் ஃபுட் ஃப்ரோசன்ல வரும், பெரிய ஏஞ்சலுக்கு அது அடிப்படை. கூட மைசிஸ் (குட்டி இறால் மாதிரி உயிர்), நறுக்கின கிளாம் (சிப்பி), ஸ்பைருலினா (பாசி) பெல்லட், கண்ணாடில க்ளிப் போட்டு நோரி (கடல்பாசித் தாள்). குட்டி ஏஞ்சலுக்கு நோரியும் ஸ்பைருலினாவும் முக்கால், மாமிசம் கால். ஒரே தடவை கொட்டாம நாளைக்கு மூணு தடவை கொஞ்சம் கொஞ்சமா.

புது மீன் சாப்பிடலைன்னா முதல்ல லைட்டைக் குறைங்க, மூணு பக்கம் பேப்பர் ஒட்டுங்க, ஆள் நடமாட்டம் தெரியக் கூடாது. அப்பவும் இல்லைன்னா உயிரோட பிரைன் ஷ்ரிம்ப், அது சத்து கம்மிதான் ஆனா அசையுறதைப் பார்த்தா வாய் வைக்கும். அதுக்கும் மசியாத மீனுக்கு ஓட்டோட பாதியா பிளந்த கிளாமை அடில வைங்க, பாறைல ஒட்டியிருக்குறதைக் கொத்துற புத்தி அதுக்கு இருக்கு, வந்து கொத்தும். பூண்டுச் சாறு ஊற வச்சா சாப்பிடும்னு நிறைய பேர் சத்தியம் பண்றாங்க, எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலை.

தலையிலயும் பக்கவாட்டுக் கோட்டுலயும் குழி குழியா அரிக்கிற நோய் ஒண்ணு பெரிய ஏஞ்சலுக்கு வரும். சத்துக்குறைவு ஒரு காரணம்னு சொல்றாங்க, ஆக்டிவேட்டட் கார்பனும் ஒரு காரணம்னு பரிசோதனைல பார்த்திருக்காங்க. கார்பன் போடுறீங்கன்னா தூள் போற வரைக்கும் கழுவிட்டு, தேவைப்படும்போது மட்டும் போடுங்க.

டேங்க்ல விடுறது

மத்த மீனெல்லாம் ஏற்கனவே செட்டிலானப்புறம் ஏஞ்சல் கடைசியா வரணும், முன்னாடியே வந்துட்டா டேங்க் முழுக்கத் தனக்குப் பட்டா போட்டுக்கும். ஓட்டை போட்ட அக்ரிலிக் பெட்டில வச்சு டேங்குக்குள்ள மூணு நாலு நாள் தொங்க விடுங்க, பழைய மீன்கள் வந்து முறைச்சுப் பார்த்து அலுத்துப் போய் திரும்பிடும், அப்புறம் திறந்து விட்டா சண்டை பாதியாகும். ஒரு டேங்க்குக்கு ஒரு ஏஞ்சல்னு வச்சுக்கிட்டா தூக்கம் வரும். குட்டி ஏஞ்சல் ஜோடி வேணும்னா ஒண்ணு பெருசு ஒண்ணு நல்லா சின்னதுன்னு ஒரே நேரத்துல விடுங்க, இதுங்க எல்லாம் பெண்ணா ஆரம்பிச்சு பெருசு ஆணா மாறுற வகை, ரெண்டும் ஒரே சைஸ்னா ரெண்டுமே தலைவர் ஆகப் பார்க்கும்.

கோரல் இருக்குறவங்க கேக்குற கேள்வி, கொத்துமா? பெரிய ஏஞ்சல் கொத்தும்னே வச்சுக்கோங்க. குட்டி ஏஞ்சல் லாட்டரி, ரெண்டு வருஷம் சாதுவா இருந்துட்டு திடீர்னு ஒரு நாள் சோவாந்திட் (பூ மாதிரி கூட்டமா வளர்ற, பவளத்துக்கு உறவான உயிர்) காலனியை மொட்டையடிக்கும். சதைப்பத்தான எல்பிஎஸ் (பெரிய பாலிப் இருக்குற கல் பவளம்), ராட்சச கிளாம், சோவாந்திட் இதெல்லாம்தான் முதல் பலி. வயிறு நிறைய போட்டா குறையும், நிக்கும்னு யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க.

அப்புறம் வாராவாரம்

10லேர்ந்து 15 சதவீதம் தண்ணி மாத்துங்க, ஸ்கிம்மர் கப்பை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கழுவுங்க, நைட்ரேட்டும் அல்கலினிட்டியும் வாரம் ஒரு தடவை பாருங்க. கரென்ட் போனா தானா ஓடுற பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு மாட்டி வைங்க, பெரிய மீன் இருக்குற டேங்க்ல ஆக்சிஜன் சீக்கிரம் தீரும்.

எம்பரர் வளர்க்குறவங்களுக்கு ஒண்ணு. 8லேர்ந்து 12 செ.மீ. வரும்போது வெள்ளை வளையம் கலைஞ்சு மஞ்சள் கோடு எட்டிப் பார்க்கும், நடுவுல சில மாசம் ரெண்டுங்கெட்டான் கலர்ல அழுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கும், நோயோன்னு மருந்து ஊத்திடாதீங்க. தீனி சரியில்லைன்னா மஞ்சள் வெளிறித்தான் வரும். பெருசானப்புறம் ராத்திரி லைட்டைத் திடீர்னு போட்டா டொம்முனு ஒரு சத்தம் கேக்கும், டேங்க் கண்ணாடி விரிசல் விட்டுதுன்னு நான் டார்ச் எடுத்துக்கிட்டு மூணு நாள் தேடினேன், கடைசில பார்த்தா சத்தம் போட்டது மீன்.